பிறந்தது ஒரு நாடு, ஆடுவது ஒரு நாடு: கிரிக்கெட்டில் நாடு மாறும் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத் திடலில் இரண்டு ஆட்டம் நடக்கும். கோல் கம்பம் இருக்கிற பக்கம் நம் பையன்கள் பந்து உதைப்பார்கள். எதிர்ப்பக்கம், செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து, நேப்பாளத்து ஆட்கள் டென்னிஸ் பந்தில் ஒயர் டேப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஸ்டம்ப்புக்குப் பதில் ஒரு காலி எண்ணெய் டின். அவர்களில் ஒருவர் ஓடிவந்து காலடியில் யார்க்கர் இறக்கி, டின் 'டங்' என்று சாயும்போது பந்து உதைக்கிறவர்களே நின்று பார்ப்பார்கள். உடனே கேள்வி வரும்: "இவ்வளவு நல்லா போடுறாரே, இவரை மலேசியாவுக்கு ஆட விடுவாங்களா?"

அதே ஊரில் இன்னொரு வீட்டில் கேள்வி மறுபுறமாக எழும். மகன் எஸ்பிஎம் முடித்துவிட்டு மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறான், பள்ளி அணியில் நன்றாக ஆடியவன். "அங்கேயே தங்கிட்டா அந்த நாட்டுக்கு ஆட முடியுமாப்பா?"

இரண்டுக்கும் பதில் 'முடியும்' என்பதே. எந்த விதியில், எத்தனை நாளில், எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திறமை எவ்வளவு இருந்தாலும் நாள் கணக்கும் காகிதமும் சரியாக இல்லாவிட்டால் ஆட்டக்காரர் வெளியேதான் நிற்பார். இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் ஆண்கள் கிரிக்கெட்டுக்கு உரியவை.

மூன்று கதவுகள்

ஒருவர் ஒரு நாட்டுக்காக ஆடத் தகுதி உண்டா என்பதை அனைத்துலக கிரிக்கெட் மன்றமான ஐசிசி மூன்று வழிகளில் பார்க்கிறது. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது அந்த நாட்டுக் குடிமகன் என்பதற்குச் செல்லுபடியாகும் கடப்பிதழ் இருக்க வேண்டும்; அல்லது கடைசி மூன்று ஆண்டுகளாக அந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் போதும். நம்மவர்கள் பலர் குடியுரிமை இல்லாமல் ஆடவே முடியாது என்று நினைக்கிறார்கள். கால்பந்தில் அது உண்மை. கிரிக்கெட்டில் அப்படி இல்லை.

முதல் கதவு பிறப்பு. இது ஆயுளுக்கும் திறந்தே இருக்கும். லூக் ரோங்கி நியூசிலாந்தின் டேனவர்க் ஊரில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 2008-இல் ஆஸ்திரேலியாவுக்காகவே ஆடினார். பிறகு தாய்மண்ணுக்குத் திரும்பி 2013 முதல் நியூசிலாந்துக்கு விக்கெட் காப்பாளராக இருந்தார். நம் நாட்டோடு ஒட்டிய ஒரு பெயரும் உண்டு: லால் சிங். 1909-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை, அதாவது பல நாள் நடக்கும் அனைத்துலக ஆட்டத்தை, ஆடியபோது அந்தப் பதினொருவரில் அவரும் ஒருவர். இன்றைய விதிகள் எதுவும் அப்போது இல்லை. ஆனாலும் மலாயாவில் பிறந்த ஒருவர் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியில் இருந்தார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது கதவு குடியுரிமை. இதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம் டிம் டேவிட். 1996-இல் சிங்கப்பூரில் பிறந்தார், பெற்றோர் ஆஸ்திரேலியர்கள். பொறியியலாளராக அங்கே வேலை செய்த அவர் தந்தை ரோட் டேவிட், 1997-இல் கோலாலம்பூரில் நடந்த ஐசிசி டிராபியில் சிங்கப்பூருக்காக ஆடியவர். மகன் 2019-இல் சிங்கப்பூருக்கு ஆடி, 2022-இல் ஆஸ்திரேலியாவுக்கு மாறினார். பிறப்பால் ஒரு நாடு, கடப்பிதழால் ஒரு நாடு என்று இரண்டு கதவும் அவருக்குத் திறந்திருந்தன.

மூன்றாவது கதவு குடியிருப்பு. குடியேறி ஆடுகிறவர்களில் பலர் நுழைவது இதன் வழியாகத்தான். தமிழருக்கு நெருக்கமான உதாரணம் கார்த்திக் மெய்யப்பன். 2000-இல் சென்னையில் பிறந்தவர். குடும்பம் துபாய்க்குக் குடிபெயர்ந்தது. 2022 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் டி20 (அணிக்கு இருபது ஓவர்) உலகக் கிண்ண ஆட்டம். ஐக்கிய அரபு சிற்றரசுகளுக்காக லெக் ஸ்பின் போட்ட மெய்யப்பன், ராஜபக்ச, அசலங்க, ஷனக ஆகிய மூன்று இலங்கை மட்டையாளர்களையும் அடுத்தடுத்த பந்துகளில் அனுப்பினார். ஹாட்ரிக். வேலைக்கும் வியாபாரத்துக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகளே அந்த நாட்டு அணியில் நெடுங்காலமாக நிறைந்திருக்கிறார்கள். அங்கே குடியுரிமை கிடைப்பது மிக அரிது. குடியிருப்பு விதி இல்லையென்றால் அந்த அணியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

'மூன்று ஆண்டு' என்றால் என்ன?

இங்கேதான் கணக்குத் தப்புகிறது. விதி கேட்பது கடைசி மூன்று ஆண்டுகள், அதுவும் தொடர்ச்சியாக. அந்தக் காலத்தில் அந்த நாடுதான் அவருடைய முதன்மையான, நிலையான வீடாக இருந்திருக்க வேண்டும். ஒருவர் பத்து ஆண்டு மலேசியாவில் இருந்துவிட்டு ஊருக்குப் போய் இரண்டு ஆண்டு தங்கித் திரும்பினால், பழைய பத்து ஆண்டும் கணக்கில் வராது. திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாக எண்ண வேண்டும்.

திடலில் யார்க்கர் போடுகிறவரையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 10-ஆம் தேதி வந்து இறங்கினார் என்று வையுங்கள். இடையில் முறிவு இல்லாவிட்டால் 2026 மார்ச் 10-க்குப் பிறகுதான் கதவு திறக்கும். நடுவில் ஒரு மாத லீவில் ஊருக்குப் போய் வந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை: பெர்மிட் உயிரோடு இருக்கிறது, வேலை அதே தோட்டத்தில், தங்குமிடம் அதே இடத்தில், திரும்பி வரும் டிக்கெட்டும் முன்பே வாங்கியது. இவை எல்லாம் சேர்ந்து 'வீடு இங்கேதான்' என்று சொல்லும். ஆனால் பெர்மிட் ரத்தாகி ஊர் போய், எட்டு மாதம் கழித்து வேறு முதலாளியின் பெர்மிட்டில் திரும்பினால் அந்த எட்டு மாதம் பழைய கணக்கை அழித்துவிடும்.

பெர்மிட் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. அதைப் புதுப்பிப்பது முதலாளியின் கையில் இருக்கிறது. ஒரு மாதம் காலாவதியாகி நின்றாலும், அந்த மாதம் அவர் எந்தத் தகுதியில் நாட்டில் இருந்தார் என்ற கேள்வி பின்னால் எழும். எனவே திறமையுள்ள ஒரு வெளிநாட்டுத் தொழிலாளரைக் கிளப்புக்கு அழைத்துப் போகிற நல்ல மனிதர், பேட் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் பெர்மிட் தேதியைப் பார்ப்பது மேல்.

படிக்கப் போகிறவருக்கும் இதே கேள்விதான் வேறு வடிவில் வரும். மாணவர் விசாவில் இருந்துகொண்டு, விடுமுறை விட்டதும் அப்பா அம்மா வீட்டுக்கு ஓடிவந்து மூன்று மாதம் இருந்தால், நிலையான வீடு மெல்பர்னா பெர்ஜுந்தையா? அதிகாரி அப்படிக் கேட்டால் காட்டுவதற்கு வாடகை ஒப்பந்தம், பகுதி நேர வேலைச் சம்பளச் சீட்டு, வரி எண், கிளப் பதிவு எல்லாம் வேண்டும்.

மேலே ஏறலாம், கீழே இறங்கக் காத்திருக்க வேண்டும்

ஏற்கெனவே ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறும்போது, மூன்று கதவுகளில் ஒன்றைத் தாண்டினாலும் அடுத்து ஒரு தடுப்பு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஐசிசி உறுப்பு நாடுகள் இரண்டு வகை என்பது தெரிய வேண்டும். டெஸ்ட் ஆடும் 12 நாடுகள் முழு உறுப்பினர்கள். மலேசியா, சிங்கப்பூர், நேப்பாளம், நெதர்லாந்து, நமீபியா போன்ற மற்ற எல்லாம் இணை உறுப்பினர்கள். மலேசியா 1967 முதல் இணை உறுப்பு நாடு.

இணை நாட்டுக்கு ஆடியவர் முழு உறுப்பு நாட்டுக்குத் தகுதி பெற்றால் காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று சிங்கப்பூர், நாளை ஆஸ்திரேலியா என்று போகலாம். முழு உறுப்பு நாட்டுக்கு ஆடியவர் வேறு எந்த நாட்டுக்கு மாறினாலும் கடைசியாக ஆடிய அனைத்துலக ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டு கழிய வேண்டும். ஒரு இணை நாட்டிலிருந்து இன்னொரு இணை நாட்டுக்கு மாறுவதற்கும் காத்திருப்பு உண்டு.

இந்த விதியின் இரண்டு முனைகளையும் அயர்லாந்துக்காரர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். எட் ஜாய்ஸ் இங்கிலாந்துக்குத் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை 2006 ஜூனில் பெல்ஃபாஸ்டில் ஆடினார், எதிரணி அயர்லாந்து. அன்றைக்கு அயர்லாந்து அணியில் முதல் ஆட்டம் ஆடியவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி டொமினிக். 2007 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு ஆடிய எட், 2011 உலகக் கிண்ணத்தில் அயர்லாந்துச் சட்டையில் வந்தார். அவருக்குப் பின்னால் டப்ளினிலிருந்து மேலே ஏறியவர் இயான் மோர்கன். 2009-இல் இங்கிலாந்துக்கு மாறி, 2019-இல் அணித்தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்தினார். அந்த இறுதியாட்டத்தில் இறங்கிய பதினொருவரில் நால்வர் வெளியே பிறந்தவர்கள்: மோர்கன் டப்ளின், ஸ்டோக்ஸ் கிறைஸ்ட்சர்ச், ராய் டர்பன், ஆர்ச்சர் பிரிட்ஜ்டவுன். 2017-இல் அயர்லாந்தும் முழு உறுப்பு நாடாகிவிட்டதால் மோர்கன் ஏறிய அந்தப் படி இப்போது இல்லை. இன்று அயர்லாந்துக்கு ஆடிய ஒருவர் இங்கிலாந்துக்குப் போக வேண்டுமானால் மூன்று ஆண்டு வெளியில் இருக்க வேண்டும்.

கீழே இறங்கியவர்களும் இருக்கிறார்கள். டேவிட் வீசா தென்னாப்பிரிக்காவுக்கு 2016 வரை ஆடினார். தந்தை நமீபியாவில் பிறந்தவர் என்பதால் கிடைத்த தகுதியில் 2021 டி20 உலகக் கிண்ணத்தில் நமீபியாவுக்கு ஆடினார். நியூசிலாந்தின் கோரி ஆண்டர்சன் 2018-இல் கடைசியாகத் தன் நாட்டுக்கு ஆடி, அமெரிக்காவில் குடியேறி, 2024-இல் அந்த நாட்டு அணியில் உலகக் கிண்ணம் ஆடினார்.

நம் திடலுக்கு வருவோம். யார்க்கர் போடும் வங்காளதேசத்துக்காரர் மூன்று ஆண்டு முடித்து மலேசியாவுக்கு ஒரு டி20 ஆடிவிட்டார் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு டாக்கா அழைத்தாலும் தடையில்லை. அது மேலே ஏறுவது. பக்கத்தில் விக்கெட் காக்கும் நேப்பாளத்துக்காரருக்கு அப்படி இல்லை. நேப்பாளமும் இணை நாடு. மலேசியாவுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும், காட்மாண்டு அழைக்கும்போது காத்திருக்கச் சொல்லும். 2019 ஜனவரி 1 முதல் எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் அணி ஆடும் டி20-களுக்கும் அனைத்துலகத் தகுதி உண்டு என்பதால், சின்ன முத்தரப்புப் போட்டி என்று அலட்சியமாக ஆடிவிட முடியாது. மலேசியச் சட்டையைப் போடுவதற்கு முன்பே இதை அவருக்குச் சொல்லிவிடுவது அழைத்தவர்களின் கடமை.

ஐசிசி சரி என்றாலும் உள்ளூர் வாரியம் சரி என்னாது

ஐசிசி வைத்திருப்பது அடிமட்ட அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டு வாரியமும் தன் விதியைக் கடுமையாக்கிக்கொள்ளலாம். ஜோஃப்ரா ஆர்ச்சர் பார்படோசில் பிறந்தவர், தந்தை ஆங்கிலேயர், பிரிட்டிஷ் கடப்பிதழ் கையில். ஐசிசி விதிப்படி அதுவே போதும். ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு குடிவந்தவர்கள் ஏழு ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்து வாரியம் வைத்திருந்தது. 2018 நவம்பரில் அதை மூன்றாகக் குறைத்தார்கள். 2019 மே மாதம் ஆர்ச்சர் முதல் ஆட்டம் ஆடினார். ஜூலையில் உலகக் கிண்ண இறுதியாட்டம் சமனானதும் வெற்றியைத் தீர்மானிக்க வைத்த சூப்பர் ஓவரைப் போட்டவர் அவர். பழைய விதியே இருந்திருந்தால் அந்தக் கிண்ணப் போட்டியை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

உள்நாட்டுப் போட்டிகளிலும் இந்தக் கணக்கு உண்டு. பல நாடுகளில் ஒரு அணி இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் சேர்க்கலாம் என்று வரம்பு இருக்கும். குடிவந்தவர் 'உள்ளூர் ஆட்டக்காரர்' என்று எண்ணப்படும் வரை அந்தச் சொற்ப இடங்களுக்கு உலகப் புகழ் பெற்றவர்களோடு மோத வேண்டும். தகுதிக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் வருமானம் மெலிவது இதனால்தான். நீல் வாக்னர் பிரிட்டோரியாவில் பிறந்தவர். 2008-இல் நியூசிலாந்தின் டனீடினுக்குப் போய் ஒட்டாகோ அணியில் சேர்ந்தார். அப்போதைய நான்கு ஆண்டு விதி முடிந்து டெஸ்ட் சட்டை போட்டது 2012-இல். இடைப்பட்ட காலமெல்லாம் மாகாண கிரிக்கெட்தான். கடைசியில் 64 டெஸ்ட்டில் 260 விக்கெட்.

விசாவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கோடைக்காலம் லீக் கிரிக்கெட் ஆடலாம் என்று சுற்றுலா விசாவில் போகிறவர்கள் உண்டு. "சம்பளம் வாங்கலையே, தங்க இடமும் சாப்பாடும்தானே கிளப் தருது" என்பார்கள். பிரிட்டனின் குடிநுழைவு விதியில் இலவசத் தங்குமிடமும் சம்பளம் போலத்தான். விமான நிலையத்திலேயே பெட்டியில் பேடும் பேட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தக் கறை நிற்கும்.

காகிதம்

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

பிறப்பால் தகுதி என்பது சொல்ல எளிது. நிரூபிப்பது பிறப்புப் பத்திரம். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவு செய்யாமலே விடப்பட்ட பிள்ளைகளின் கதை நம் சமுதாயத்தில் இன்னும் முடியவில்லை. மூன்று தலைமுறை இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்களும், எந்த அட்டையும் இல்லாமல் இருக்கும் இளைஞர்களும் உண்டு. அப்படிப்பட்ட பையன் மணிக்கு 130 கிலோமீட்டரில் பந்து போட்டாலும், கடப்பிதழ் எடுக்க முடியாததால் வெளிநாட்டுப் பயணத்துக்கு அணி கிளம்பும்போது நின்றுபோவான். பன்னிரண்டு வயதில் நீல மைகாட் எடுக்கும் கட்டத்திலேயே இதைத் தேசியப் பதிவுத் துறையில் தீர்க்கத் தொடங்க வேண்டும். பதினெட்டில் தொடங்கினால் ஆடும் வயதில் பாதி கவுண்டர் வரிசையில் போய்விடும்.

அடுத்த சிக்கல் பெயர். நம் மைகாட்டில் 'குமார் ஏ/எல் ராமசாமி' என்று இருக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். சாய்கோட்டைக் கணினி ஏற்காது. ஒரு இடத்தில் 'ராமசாமி குமார்', இன்னொரு இடத்தில் 'குமார் ஏஎல் ராமசாமி', கிளப்பின் ஸ்கோர் புத்தகத்தில் 'ஆர். குமார்', மட்டை எடுத்துப் போகும் நண்பர்கள் போட்ட பட்டப்பெயர் வேறு. மூன்று ஆண்டு கழித்து 'இந்த ஆட்டக்காரரும் நீங்களும் ஒருவரே' என்று காட்டும்போது நான்கு பெயரும் நான்கு ஆட்களாகத் தெரியும். முதல் நாளே, கடப்பிதழில் அச்சாகியிருக்கும் எழுத்து எப்படியோ அப்படியே கிளப்பிலும் வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் கொடுப்பதுதான் ஒரே மருந்து.

சேர்த்துவைக்க வேண்டியவற்றை ஒரு கோப்பில் போட்டுவைக்கலாம்: கடப்பிதழின் எல்லாப் பக்கத்தின் நகல், வெறும் பக்கம் உட்பட, ஒவ்வொரு ஆண்டின் பெர்மிட் அல்லது விசா, மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, இல்லையென்றால் தங்குமிடம் தரும் முதலாளியின் கடிதம், படித்தால் பள்ளி வருகைக் கடிதம், தேதி போட்ட ஸ்கோர் ஷீட்டுகள். பழைய கடப்பிதழ் காலாவதியானதும் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். நுழைவு முத்திரைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதியதோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்.

வேறு நாட்டுக் குடியுரிமை எடுப்பதற்கு முன் ஒன்று. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. ஆஸ்திரேலியக் கடப்பிதழ் வாங்குகிறவர் மலேசியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். கிரிக்கெட்டுக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். ஐசிசிக்குக் குடியிருப்பே போதும். உள்நாட்டு வாரியம் நிரந்தர வசிப்பிடத் தகுதி கேட்டால் அதை மட்டும் எடுக்க வழி உண்டா என்று முதலில் பார்க்கலாம். குடியுரிமையை விட்டாலும், இங்கே பிறந்தவருக்கு மலேசியாவுக்காக ஆடும் பிறப்புத் தகுதி ஐசிசி கணக்கில் போகாது. வேறொரு நாட்டுக்கு ஏற்கெனவே ஆடியிருந்தால் மட்டும் காத்திருப்புக் காலத்தைக் கழிக்க வேண்டும்.

டேப் பந்திலிருந்து தோல் பந்துக்கு

காத்திருக்கும் மூன்று ஆண்டும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளக் கிடைத்த காலம். திடலில் டேப் பந்து போடுகிறவர் எதை மாற்ற வேண்டும் என்று கிட்டத்தில் பார்ப்போம்.

டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். டேப் சுற்றினால் கொஞ்சம் கூடும். தோல் பந்து 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. டேப் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும் என்பதால் யார்க்கரும் முழு நீளப் பந்தும்தான் ஆயுதம். தோல் பந்தில் அதே முழு நீளத்தை நல்ல மட்டையாளர் நேராக ஓட்டிவிடுவார். அங்கே ஸ்டம்ப்பிலிருந்து ஆறு முதல் எட்டு மீட்டர் தள்ளி, தையல் நிமிர்ந்து தரையில் படும்படி போட வேண்டும். டேப் பந்தில் தையலே கிடையாது என்பதால் விரல் எங்கே வைக்க வேண்டும் என்பதே புதுப்பாடம்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்கு இரு பக்கமும், கட்டைவிரல் அடியில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் அளவு இடைவெளி.

எடை கூடிய பந்தை முதல் வாரமே பத்து ஓவர் போட்டால் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். இளம் வேகப் பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் கீறல் விழுவது பந்துச் சுமை திடீரென்று ஏறும்போதுதான். ஒரு நாளுக்கு நான்கு ஓவர், வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு ஓவர் கூட்டிக்கொண்டு போவது பாதுகாப்பு.

மட்டையாளருக்குச் சிக்கல் தளத்தில். நம் நாட்டுப் பள்ளித் திடல்களில் சிமெண்டு மேல் விரித்த பாய்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் பந்து ஒரே உயரத்தில், வேகமாக வரும். இங்கிலாந்தின் ஏப்ரல் மாத ஈரப் புல் தளத்தில் பந்து தரையைத் தொட்டதும் தயங்கும். பழக்கத்தில் மட்டையை முன்கூட்டியே கொண்டுபோனால் பந்து விளிம்பிலோ மேல்நோக்கியோ போய்க் கேட்ச் ஆகும். பாசில் டிஒலிவேரா பட்ட பாடு இதுதான். 1931-இல் கேப்டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்று நிறவெறி அரசு முத்திரை குத்தியதால், எவ்வளவு ஓட்டம் குவித்தாலும் தென்னாப்பிரிக்க அணியில் இடமில்லை. பாய் விரித்த தளத்திலேயே வளர்ந்த அவர் 1960-இல் இங்கிலாந்தின் மிடில்டன் கிளப்புக்கு வந்தபோது ஆரம்ப ஆட்டங்களில் தடுமாறினார். பந்துக்காகப் பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டார். 1966-இல் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடினார். 1968-இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 எடுத்தும், தென்னாப்பிரிக்கப் பயண அணியில் அவரை முதலில் சேர்க்கவில்லை. காயத்தால் ஒருவர் விலகியதும் சேர்த்தார்கள். அவர் இருக்கும் அணியை ஏற்க மாட்டோம் என்று அந்நாட்டுப் பிரதமர் சொல்ல, பயணமே ரத்தானது. அதன் பிறகு தென்னாப்பிரிக்கா உலக கிரிக்கெட்டிலிருந்து இருபதாண்டுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. பிறந்த நாடு மறுத்த ஒருவரின் பெயரில்தான் இன்று இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா டெஸ்ட் தொடரின் கிண்ணம் இருக்கிறது. பிறப்பை வைத்து மனிதரை ஒதுக்குவது என்னவென்று தோட்டத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐசிசி விதி செல்லாத இடம்

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, சீ விளையாட்டு போன்றவற்றில் கதை வேறு. அங்கே கடப்பிதழ் வேண்டும். மூன்று ஆண்டு குடியிருந்தேன் என்பது செல்லாது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் திரும்ப வருகிறது. 1900-க்குப் பிறகு இப்போதுதான். குடியிருப்புத் தகுதியில் ஆடுகிறவர்களை நம்பியிருக்கும் அணிகள் அங்கே பாதி பலத்தோடு நிற்க நேரும். வெளிநாட்டுத் தொழிலாளரை மலேசிய அணிக்குக் கொண்டுவந்தாலும் சீ விளையாட்டுக்கு அவரை அனுப்ப முடியாது. நம் ஊர்ப் பையனைத்தான் தயார் செய்ய வேண்டும்.

நம் ஊர்ப் பையன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதற்கு அருள் சுப்பையாவைப் பாருங்கள். 1983-இல் கோலாலம்பூரில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, சாமர்செட் கவுண்டிக்கு ஆடியவர். 2011-இல் கார்டிஃப் நகரில் கிளாமோர்கன் அணிக்கு எதிராக 5 ஓட்டம் மட்டும் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். டி20-இல் அப்போது அது உலகச் சாதனை. 2019-இல் லெஸ்டர்ஷயரின் காலின் ஆக்கர்மன் 18 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்து அதைத் தாண்டினார். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து நெதர்லாந்துக்கு ஆடியவர். 2023 ஜூலையில் கிள்ளான் பண்டமாரான் பாயுமாஸ் திடலில் மலேசியாவின் ஷஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் அனைத்துலக டி20-இல் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர். ஏழும் ஸ்டம்ப்பைச் சாய்த்தவை.